டாஷ்போர்டுப் பிள்ளையாரின் லைட்

உஷாந்தி,

இடியப்பம் மூடி வைச்சிருக்கு. சொதியை மட்டும் சூடாக்கும். கார் சாவி ஃபிரிட்ஜுக்கு மேல. காரை நீரே எடும், நான் பஸ்ஸில போறன்.

காரில ஃபியூஸ் எரிஞ்சது உம்மட போன் சார்ஜராலை இல்லை. விடியப் புது ஃபியூஸ் போட்டு, ஒவ்வொண்டாச் செருகிப் பாத்தன். சார்ஜருக்கு ஒண்டும் ஆகேல்லை. டாஷ்போர்டுப் பிள்ளையாரின்ர லைட்டைச் செருகின உடன ஃபியூஸ் திரும்ப எரிஞ்சுபோச்சு. நான் பொருத்தின வயர்தான், டேப் கழண்டு உரசுது.

அந்த லைட்டைப் பாரும் எண்டு ஒரு கிழமையாச் சொன்னனீர். பிள்ளையாரைச் சந்தேகிக்க எனக்கு மனம் வரேல்லை. உம்மைச் சந்தேகிக்க ஒரு நிமிஷமும் எடுக்கேல்லை.

வேற ஃபியூஸ் போட்டாச்சு. சார்ஜரைச் செருகியே விட்டிருக்கிறன்.

சாரங்கன்

பி.கு. லைட்டைக் கழட்டினதுக்குப் பிள்ளையாரிட்டை அப்பவே மன்னிப்புக் கேட்டிட்டன். உம்மட்டைப் பின்னேரம், நேரில.