அலும்னா என்ற ஒருத்தி

பட்டமளிப்பு நாளில் நாம் சேர்ந்து எடுத்த படத்திலிருந்து உன்னை வெட்டிவிட்டு, கறுப்பு அங்கியோடு என்னை மட்டும் கல்யாணத் தரகருக்கு அனுப்பியிருக்கிறார் அப்பா. என் போனுக்கும் அந்தப் படம் வந்தது. என் இடது தோளில் உன் நான்கு விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

அன்று தாம்பரத்தில் நம் கல்லூரி வாசலில் முன்னாள் மாணவர்களை 'அலும்னி வருக' என்று வரவேற்ற பேனரைப் பார்த்து நின்றுவிட்டாய்.

"அது ஆம்பளைங்க பேருடி. லத்தீன்ல ஒருத்தன்னா அலும்னஸ், பல பேருன்னா அலும்னீ. நீ மட்டும்னா அலும்னா. நாம ரெண்டு பேருன்னா அலும்னை."

"பசங்களும் சேர்ந்து நின்னா?"

"ஒரே ஒருத்தன் நின்னாலும் அவன் பேருதான். அங்கயும் நம்ம ஏரியா மாதிரிதான் போல."

நூலகத்துத் தடித்த அகராதியில் அதைத் தேடிப் பிடித்திருந்தாய். 'அலெரே' என்றால் ஊட்டி வளர்ப்பது. அதிலிருந்து பிறந்த இந்தச் சொல், முதலில் பிறர் கையால் வளர்ந்த பிள்ளையைத்தான் குறித்ததாம். "கேன்டீன் லெமன் ரைஸ்ல வளர்ந்தோம்னு சொன்னா லத்தீன்காரனே நம்ப மாட்டான்" என்றாய்.

பெருங்குடி கம்பெனி ஒன்றில் நம் இருவருக்கும் கிடைத்த வேலைக்கு, நீ கூட வருகிறாய் என்பதால்தான் வீட்டில் சம்மதித்தார்கள். போன மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனதும் அம்மா கேட்டது ஒன்றுதான்: "தனியா எப்படிடி போவ?" அன்றிலிருந்து மாடம்பாக்கத்து வீட்டைவிட்டு நான் அதிகம் வெளியே போகவில்லை. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டம் ஹாலில் தொங்குகிறது. அதன் கீழே உட்கார்ந்து வெங்காயம் நறுக்குகிறேன்.

அதே கம்பெனியில் மறுபடி ஆள் எடுக்கிறார்கள். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் இன்று பெண் பார்க்க வந்துவிட்டார்கள்.

"டிகிரி இருந்தா போதும், வேலைக்கெல்லாம் போக வேணாம்" என்ற பையனின் அம்மா, போனில் படத்தைப் பெரிதாக்கினார். "தோள்ல யாரு கைங்க இது?"

"சும்மா ஃப்ரெண்டுங்க" என்றார் அப்பா.

காபித் தட்டோடு நின்ற எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ. "சும்மா இல்ல ஆன்ட்டி. கூடப் படிச்சவ, செத்துட்டா. சேர்ந்து வேலைக்குப் போறதா இருந்தோம். திங்கட்கிழமை நான் போகணும்."

யாரும் காபியைத் தொடவில்லை. "வீட்டுக்குப் போய்ச் சொல்றோம்" என்று எழுந்தார்கள். சமையலறையில் அம்மா கேட்டாள்: "உனக்கு எப்படி வாய் முளைச்சுது?"

சுடிதாருக்கு இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். கதவைத் தாண்ட விடுவார்களா, தெரியாது. அம்மா மறுபடி 'தனியா எப்படிடி போவ' என்று கேட்டால் சொல்ல மட்டும் ஒரு பதில் இருக்கிறது: தனியாகப் போகவில்லை.