மடியில் ஒரு ராகி மூட்டை

11.6.1967

பள்ளிக்கூடம் திறந்து முதல் வாரம் முடிந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையாவது தூங்கலாம் என்றால், அண்ணன் விடியும்போதே வாசலில் வண்டியைக் கழுவ ஆரம்பித்துவிட்டான். பழைய அம்பாசிடர்தான். ஆனால் தங்கச் சுரங்கக்காரர்கள் குடியிருக்கும் இந்தப் பாலகாட் லைனிலேயே சொந்த டாக்ஸி வைத்திருப்பவன் தசரதன் ஒருவன்தானாம், அந்தப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்குள் புத்தர் படம், வண்டி முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும். "இது இன்னாண்ணா கூத்து?" என்று கேட்டேன். "ரோட்டுல வர்ற மாட்டெல்லாம் புத்தர் பார்த்துக்கினு இருப்பாரா?" என்கிறான்.

அண்ணன் மகன் பாபு முன் சீட்டில் நின்றபடியே ஒரு சுற்று போய் வந்தான். உட்காரச் சொன்னால் அழுகை. நின்றால்தான் துரைக்கு ரோடு தெரியும்! இன்னும் மூன்று வயதுகூட ஆகவில்லை.

18.6.1967

பாபுவுக்கு அடிபட்டுவிட்டது.

பங்காருபேட்டையில் கல்யாணம் என்று நாலு பேரும் கிளம்பினோம். அண்ணன் வேகமாக ஓட்டவில்லை – சத்தியமாக இல்லை. எருமை ஒன்று குறுக்கே வந்தது, ப்ரேக் போட்டான், அவ்வளவுதான். எருமை மேல் படக்கூட இல்லை. பாபு முன்னால் அண்ணி மடியில் இருந்தான். இரண்டு கையாலும் அணைத்துத்தான் வைத்திருந்தாள், பின்னாலிருந்து நான் பார்த்துக்கினுதானே இருந்தேன்! அந்தக் கைக்குள்ளிருந்து புள்ள எப்படிப் போச்சு? டாஷ்போர்டு இரும்பில் முகம் மோதி, ஒரே ரத்தம். கொஞ்ச நேரம் அவன் அழவே இல்ல. ஐயோ, அந்தக் கொஞ்ச நேரம்.

ஆஸ்பத்திரியில் அண்ணி ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்: "புடிச்சுக்கினுதான் இருந்தேன் குணா. புடிச்சுக்கினுதான் இருந்தேன்."

19.6.1967

காறை எலும்பு முறிவு. முன்பல் இரண்டு போய்விட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அது போதும்.

25.6.1967

பார்க்க வருகிறவர்கள் பிஸ்கட்டோடு ஒரு கேள்வியும் கொண்டுவருகிறார்கள். "பெத்தவ கையில இருந்த புள்ள எப்படிம்மா நழுவும்?" எல்லாருக்கும் பதில் தெரியும்: ஜெயம்மா கவனமாக இல்லை. ஒருத்திக்கு நான் காபி கொடுக்காமலேயே அனுப்பினேன். அதைவிட மோசம் அண்ணன். ஒன்றும் சொல்வதில்லை. அவன் சொல்லாமல் இருப்பதே சொல்வது போலத்தான் இருக்கிறது.

ஜெயம்மா என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள். அதனால்தான் அண்ணி ஆன பிறகும் எனக்கு 'அவர்' என்று எழுத வருவதில்லை. பள்ளியில் அடி வாங்கினாலும் அழமாட்டாள். இப்போதும் அழவில்லை. ஏதோ யோசித்துக்கொண்டே இருக்கிறாள்.

2.7.1967

இன்று நடந்ததை விடாமல் எழுதவேண்டும்.

காலையில் அண்ணி ரேஷன் கடைத் தராசில் பாபுவின் எடைக்கு ராகியை நிறுத்துக் கோணிப்பையில் கட்டிக்கொண்டு வந்தாள். "வண்டிய எடுங்க" என்றாள் அண்ணனிடம். சுரங்கக் கழிவுமண் குவிந்த சயனைடு மேட்டுக்குப் பக்கத்து மைதானத்துக்கு நானும் கூடப் போனேன். மூட்டையை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். "அன்னிக்குப் போன வேகத்துலயே போங்க. நான் சொல்றப்போ ப்ரேக் போடுங்க." காலை முன்னால் உதைத்துக்கொண்டு, அவளே "போடுங்க" என்று சொன்னாள். மூட்டை பறந்து டாஷ்போர்டில் மோதியது. அவளும் அதன்மேல் போய் விழுந்தாள். மறுபடியும் செய்தாள், மறுபடியும் போனது. பிறகு ஒரு தடவை பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தாள். அப்போது கோணியே கிழிந்து கார் முழுக்க ராகி.

இறங்கி நின்றாள். உதட்டில் ரத்தம். "ப்ரேக் வரப்போவுதுன்னு தெரிஞ்சே புடிக்க முடியல. அப்ப என் கை மேல தப்பு இல்ல குணா. கையால புடிக்கறதுதான் தப்பு."

அப்புறம்தான் அழுதாள். நானும்தான். ஊர் முழுக்கத் திட்டினபோது தன் குற்றத்தைத் தானே எடை போட்டுப் பார்க்க வேறு யாருக்குத் தோன்றும்? இவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்தாலே கர்வமாக இருக்கிறது.

9.7.1967

வீட்டில் சண்டை. பாபுவின் குட்டி நாற்காலியைப் பின் சீட்டில் வைத்துப் பூட்டி, அதில் அவனைப் பட்டையால் கட்டவேண்டும் என்கிறாள் அண்ணி. சுரங்கக் குழிக்குள் தொங்கி வேலை பார்ப்பவர்களுக்குப் பெல்ட் இல்லையா, அதுபோல. அண்ணன் குதித்தான். "என் வண்டியில ஓட்டை போடறதா? பார்க்கறவன் இன்னா சொல்லுவான்? தசரதன் ஓட்டறான்னா கட்டிக்கினுதான் ஏறணும்னு சொல்லமாட்டான்? நீ நழுவ விட்டுட்ட. நான் புடிச்சிருந்தா புடிச்சதுதான்."

சொல்லிவிட்டான். இத்தனை நாள் மனசில் வைத்திருந்ததைச் சொல்லியே விட்டான்.

பக்கத்து வீட்டு வெங்கடம்மாவும் வந்து கெஞ்சினார். "தேவுடா, வேணாம் ஜெயா! என் வீட்டுக்காரர ஸ்ட்ரெச்சர்ல பட்ட போட்டுக் கட்டித்தான் குழியிலேர்ந்து மேல கொண்டாந்தாங்க. உசுரோட இருக்கற புள்ளயக் கட்டாத." அவரை எதிர்த்து எப்படிப் பேசுவது? அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மனசை மாற்றிக்கொள்ளவில்லை.

16.7.1967

மீண்டும் மைதானம், மீண்டும் ராகி. இந்தத் தடவை ஓட்டியது அண்ணனின் சிநேகிதன் சின்னசாமி. மூட்டை அண்ணன் மடியில். மீசையை முறுக்கிக்கொண்டுதான் உட்கார்ந்தான்.

ப்ரேக் போட்டதும் மூட்டை கண்ணாடியில் மோதிக் கீழே விழுந்தது.

அண்ணன் ரொம்ப நேரம் இறங்கவே இல்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இறங்கி வந்து அண்ணியிடம், "எங்க ஓட்டை போடணும்?" என்றான். மன்னிப்புக் கேட்கிற ஜாதி இல்லை இவன். இதுதான் அவனுக்குத் தெரிந்த விதம்.

30.7.1967

செருப்பு தைக்கும் மரியகுழந்தை, கட்டிலுக்குப் போடும் நாடாவை இரட்டையாக மடித்து மெழுகு நூலால் தைத்துக் கொடுத்தார். இடுப்புக்கு ஒரு பட்டை. நாற்காலியை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்கினார்கள். ராகி வீணாகிறது என்று இந்தத் தடவை பரங்கிக்காய். அதற்குப் பாபுவின் சட்டை வேறு! ப்ரேக் போட்டதும் காய் பட்டைக்கு மேலே எகிறி முன் சீட்டில் மோதிச் சுக்கல் சுக்கலானது. விதையும் சதையும் அப்பிக் கிடந்தது அந்தச் சட்டை.

ஆனால் வெங்கடம்மா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! "திருஷ்டி கழிஞ்சிடுச்சு ஜெயா. வண்டிக்குள்ளயே உடைஞ்சிடுச்சு பாரு. இனிமே கட்டு, ஒண்ணும் ஆவாது." எங்கள் சோதனை தோற்றது, அவருக்கு அதுவே உத்தரவு. அண்ணி சிரித்துவிட்டு, "இன்னும் ரெண்டு பட்ட வேணும், தோளுக்கு" என்றாள்.

6.8.1967

தோள்பட்டைகளோடு இரண்டாவது பரங்கிக்காய் அசையவே இல்லை. ராத்திரி அதையே குழம்பு வைத்தோம்.

15.10.1967

பாபு முதல் வாரம் கத்தினான், இப்போது அவனே கையை நீட்டுகிறான். அவனையும் கூட்டிப்போன ஒரு நாளில் டாக்ஸியில் ஏறின ஒரு பெரிய மனுஷர், "இன்னாப்பா, புள்ளய திருடன் மாதிரி கட்டி வச்சிருக்கே?" என்றாராம். அண்ணன் சொன்னது: "எம் பொண்டாட்டி போட்ட உத்தரவு சார். மாத்த எனக்கு அதிகாரம் இல்ல." வீட்டுக்கு வந்து அதை இரண்டு தடவை நடித்துக் காட்டினான்.

3.12.1967

பங்காருபேட்டை ரோட்டில் முன் டயர் வெடித்து வண்டி பள்ளத்தில் இறங்கிவிட்டது. நான் வீட்டில் இருந்தேன். அண்ணனுக்கு நெஞ்சில் ஸ்டியரிங் இடித்து வலி. ஓடிவந்து தூக்கினவர்கள் சொன்னார்கள் – புள்ள நாற்காலியில் அப்படியே இருந்தானாம், ஒரு கீறல் இல்லையாம், "அம்மா கீழ விழுந்துச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தானாம்.

வண்டியில் அண்ணி அவன் பக்கத்தில் பட்டை ஏதும் இல்லாமல் சும்மாதான் உட்கார்ந்திருந்தாள். வலது கை இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது, நெற்றியில் தையல். ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் பாபுவின் தோளைத் தடவிப் பார்த்துவிட்டு, "தாங்கிச்சு இல்ல குணா?" என்றாள். எங்கள் யாருக்குமே தோன்றவில்லையே! அத்தனை மூட்டை, அத்தனை காய் – இவளை ஒரு தடவை யாரும் எடை போட்டுப் பார்க்கவில்லை.

17.12.1967

வண்டி பட்டறையிலிருந்து வந்துவிட்டது. அண்ணியின் மாவுக்கட்டைக் காட்ட ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பின் சீட்டில் பாபுவின் நாற்காலி பக்கத்தில் புதிதாக நாடாப் பட்டைகள், அகலமாக. அண்ணன் யாரிடமும் சொல்லாமல் மரியகுழந்தையைப் பட்டறைக்கே அழைத்துப்போய் வேலையை முடித்திருக்கிறான்.

"எனக்கு எதுக்கு? நான் இன்னா குழந்தையா?" என்றாள் அண்ணி.

அண்ணன் மாவுக்கட்டு இடிபடாமல் பட்டையை அவள் தோளைச் சுற்றிக் கொண்டுவந்து கொக்கியை மாட்டினான். இழுத்துப் பார்த்தான். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தான். அண்ணி குனிந்துகொண்டாள், கண்ணைத் துடைக்க இடது கைதான் இருந்தது.

நான் முன்னால் ஏறி உட்கார்ந்தேன், அண்ணன் சாவியைப் போட்டான்.

"இருங்க" என்றாள் அண்ணி பின்னாலிருந்து. "குணாவுக்கு எங்க? உங்களுக்கு எங்க?"

அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினான். பாபுவைத் தூக்கிக்கொண்டு அண்ணியும் நானும் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போய் வந்தோம். திரும்பி வந்தபோது முன் சீட்டு வாசலில் கிடந்தது, வண்டிக்குள் தலையை விட்டு அண்ணன் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான்.