ரெயில் பாட்டில் நான் ஸ்ரேசன்

1997 ஜனவரி 13, திங்கள்

-19. ஜன்னலின் உட்பக்கத்திலும் ஐஸ். 5.30க்கு மதுவை எழுப்பினேன். நாலு வயது ஆகப்போகும் பிள்ளைக்கு ஸ்னோ சூட் போடுவது ஆட்டுக்குட்டியைச் சாக்கில் கட்டுகிற வேலை. வழக்கம்போல என் பிதற்றல்: "ஒரு கை உள்ளை, மற்றக் கை எங்கை? காலைத் தா, கள்ளிக் காலைத் தா. சிப்பை இழு, நாடி கவனம். மூக்கு மட்டும் அம்மாக்கு." நாடி சிப்பில் கடிபடாமல் மூடி, மூக்கில் ஒரு கொஞ்சல். கதவைச் சாத்தி ஓட்டம். பின் வரிசை வீட்டில் கெய்கோவிடம் பிள்ளையை விட்டுவிட்டு 6.05 பஸ். பேக்கரியில் இன்று எனக்கு மஃபின் லைனில் வேலை.

கெய்கோ யப்பான்காரி. என் வயதுதான் இருக்கும். மகன் கென், மதுவின் வயது. மதுவைப் பார்க்கத் தொடங்கி மூன்று மாதம். நல்லவள். சுத்தம். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் எனக்குக் குறை.

வாங்க: வெங்காயம், செத்தல் மிளகாய், மதுவுக்குக் கையுறை.

ஜன. 15, புதன்

பனி. பஸ் 40 நிமிடம் பிந்தி. எங்கள் மல்வேர்ன் தெருக்கள் முழுக்க ஒரே சேறு. வீட்டுக்குள் வந்தால் இவரும் மகளும் சோபாவைச் சுற்றி ஓடுகிறார்கள், யப்பான் பாட்டுப் பாடிக்கொண்டு! கெய்கோ கசற் ஒன்று கொடுத்திருக்கிறாள். குடும்பமாகச் சேர்ந்து பாடும் பிள்ளைப் பாட்டுகளாம். எல்லாவற்றுக்கும் கை ஆட்டம், கால் ஆட்டம்.

இவருக்கு ஒஷாவா ஃபக்ரரியில் நைற் ஷிஃப்ற். மத்தியானம் மகளைக் கூட்டிவரப் போகிறவர், அங்கேயே பச்சைத் தேத்தண்ணி குடித்துப் பாட்டும் பழகியிருக்கிறார். கலியாண வீட்டில் ஒரு வரி பாடச் சொல்லி எல்லாரும் கெஞ்ச, தொண்டை கட்டிவிட்டது என்று சொன்ன மனிதர்.

ரெயில் பாட்டு ஒன்று. தகப்பன் எஞ்சின், தாய் பெட்டி, பிள்ளை கடைசியில் கார்ட். ஜாக்கெற்றைக் கூடக் கழற்றாமல் நடுவில் போய் நின்றேன்.

"நோ, அம்மா. பெட்டி கெய்கோ அன்ரி."

"அவ இஞ்சை இல்லையே, பிள்ளை."

"இற்ஸ் ஓகே. நீங்கள் ஸ்ரேசன். சும்மா நில்லுங்கோ."

நின்றேன். ரெயில் இரண்டு தரம் வந்தது, போனது. பிறகு சோறு வைத்தேன்.

ஜன. 16, வியாழன்

இனி கெ. என்றுதான் எழுதுவேன். முழுப் பெயருக்கு மை வீண்.

எங்கள் பில்டிங் கனகம் அன்ரியும் என்னோடு மஃபின் லைனில்தான். "உன்ரை பிள்ளை யப்பான்காரியாப் போகப்போகுது, பார். வாற மாசம் எனக்கு லே-ஓஃப், வீட்டிலைதான். என்னட்டை விடன்." யோசிக்க வேண்டும்.

இவரிடம் சொன்னேன். "உனக்கென்ன விசரே? ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும். அவ அதைத்தான் செய்யிறா." பழமொழி வேறு. எனக்குப் பொறாமை. எழுதிவிட்டேன். வயிறு பற்றி எரிகிறது.

ஜன. 18, சனி

தமிழ்க் கடையில் பிள்ளைப் பாட்டுக் கசற் வாங்கினேன். மது ஒரு பக்கம் கேட்டாள். "அம்மா, திஸ் லேடி இஸ் ஷவுற்றிங்." உண்மை. கத்துகிறாள்தான். செத்தல் மிளகாய் வாங்க மறந்துபோனேன்.

ஜன. 20, திங்கள்

பஸ்ஸில் ரெயில் பாட்டை முணுமுணுத்துப் பாடமாக்கினேன். சொற்கள் தமிழ் எழுத்தில், பஸ் ரான்ஸ்ஃபர் ரிக்கற்றின் பின்பக்கம். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர் எழும்பி வேறு சீற்றுக்குப் போனார். போகட்டும்.

பின்னேரம் பாடிக் காட்டினேன். மது சிரித்துச் சிரித்துச் சோபாவிலிருந்து விழுந்தாள். "நீங்கள் பாடாதேங்கோ, அம்மா. அது கெய்கோ அன்ரின்ரை."

அப்படியென்றால் என்னுடையது எது? படுத்துக்கொண்டு யோசித்தேன். பிள்ளைக்கு நான் ஒரு பாட்டும் பாடியதில்லை. நேரம் எங்கே? காலையில் உடுப்பாட்டி ஓட்டம். பின்னேரம் சோறு, குளிப்பு, படுக்கை.

ஜன. 22, புதன்

செய்யக்கூடாததைச் செய்தேன். கசற்றை அரிசி மூட்டைக்குள் புதைத்தேன். மது தேடித் தேடி அழுதாள். இவர் மெத்தையைக் கூடக் கிளப்பிப் பார்த்தார்.

"நீ கண்டனியே?"

"நான் காணேல்லை."

அரை மணி நேரம் அழுதவள், மூக்கைத் துடைத்துவிட்டு, கசற் இல்லாமலே ஒரு பக்கம் முழுவதையும் பாடினாள். ஒரு சொல் பிசகவில்லை. நான் குசினியில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன்.

முடிவு: பிள்ளையைக் கனகம் அன்ரியிடம் விடுவது. சனிக்கிழமை கசற்றைத் திருப்பிக் கொடுத்து, கெ.யிடம் சொல்லிவிடுவது. இவருக்குப் பிறகு சொல்லலாம்.

ஜன. 25, சனி

-8. வெயில். மதுவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதை வழி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்தபடி. கெ.யின் ஆங்கிலமும் என்னுடையதைப் போலத்தான், பாதியைக் கைதான் பேசும்.

மது கென்னிடம் ஓடியதும் கசற்றை நீட்டினேன். பெட்டியிலிருந்து இரண்டு அரிசி விழுந்தன. பார்த்தாள். குனிந்து பொறுக்கினாள்.

அவர்கள் வெளிக்கிடும் நேரம். கென் ஸ்னோ சூட் போட மாட்டேன் என்று தரையில் மல்லாந்து கிடந்து உதைத்துக்கொண்டிருந்தான். கெ. ஒரு யப்பான் பாட்டைத் தொடங்கினாள். இன்னும் பெரிய உதை. என்னைப் பார்த்தாள், முகம் சிவந்துவிட்டது. பிறகு குனிந்து, மெல்ல:

"ஒர்ரு கை உல்லை. மத்தக் கை எங்கை?"

என் பிதற்றல். என் ராகம். அதில் ராகம் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

கென் கையைத் தந்தான். காலைத் தந்தான். "கள்ளிக் காலை" என்றதும் இரண்டு பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரிப்பு. சிப். நாடி கவனம். அதோடு நிறுத்தினார்கள்.

நான் மிச்சத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை.

"அவ்வளவுதானா?" என்று கெ.யிடம் கேட்டேன்.

"அவ்வளவுதான். மது சொல்லித் தந்தது. பொம்மைக்கும் இதுதான், கென்னுக்கும் இதுதான். என் பாட்டுக்கு இப்போது அவன் கை தருவதில்லை." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு சிரிப்பு நின்றது. நெஞ்சில் விரலை வைத்து ஏதோ ஒரு ஆங்கிலச் சொல்லைத் தேடினாள். எனக்கு அந்தச் சொல் நன்றாகத் தெரியும். எடுத்துக் கொடுத்தேன்.

"ஜெலஸ்."

"யெஸ்," என்றாள். "லிற்றில்."

எனக்கு வயிறு குளிர்ந்தது. வெளியே யாருக்கும் சொல்ல முடியாது, இங்கே எழுதலாம்.

கெய்கோ தாளும் பென்சிலும் கொண்டுவந்தாள். முழுப் பாட்டையும் எழுதித் தரட்டாம், பிழையில்லாமல் பாட வேண்டுமாம். ஆங்கில எழுத்தில் எழுதினேன். கை, மற்றக் கை, கால், சிப், நாடி. மது என் மடியில் ஏறிப் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாடி முடிந்ததும் என் காதுக்குள்:

"அம்மா, மூக்கை எழுதாதேங்கோ. நான் அவைக்குச் சொல்லேல்லை."

எழுதவில்லை. "அவ்வளவுதான்," என்று தாளைக் கெய்கோவிடம் கொடுத்தேன்.

திங்கள்: கனகம் அன்ரிக்கு வேண்டாம் என்று சொல்ல.