படத்தில் விழுந்த முழங்கை

ஜூன் 4, வியாழன்
பேத்தி கூடத்தில் ஒரு சாக்கு மண்ணைக் கொட்டிவிட்டு எங்கோ போனாள். அவள் திரும்புவதற்குள் பெருக்கி அள்ளிவிட்டேன். வந்தவள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். படம் எடுக்கத்தான் கொட்டினாளாம். சொல்லிவிட்டுக் கொட்ட வேண்டாமா? அள்ளினதை நானே திரும்பக் கொட்டினேன்.

ஜூன் 5
இவள் எடுப்பது கல்யாணப் படம் மாதிரி இல்லை. சினிமாவுக்கு ஜோடிக்கிற மாதிரி வீட்டையே ஜோடித்து, கடைசியில் ஒரே ஒரு படம். சோபா சுவரைப் பார்த்துக் கிடக்கிறது. சாப்பாட்டு மேசையில் தட்டுக்கு ஒரு செருப்பு.

"வீடு வீடாத்தான் இருக்கணும் பாட்டி. ஆனா என்னமோ சரியில்லையேன்னு பாக்கறவங்களுக்கு வயித்தைக் கலக்கணும்."

"உங்க தாத்தா இருந்தவரைக்கும் தினமும் அப்படித்தான் இருந்துச்சு."

படத்தில் நிற்கப்போவது நான். ஆளுயரத்துக்குக் கண்காட்சியில் மாட்டுவார்களாம். என் முகம்!

ஜூன் 6
இன்னொரு கிழவியும் வேண்டுமாம். யாரைக் கூப்பிட்டிருக்கிறாள் தெரியுமா - கைப்பைக்காரியை. என் ஓரகத்தியை.

மகன் கல்யாணத்தை நான் மறந்தால்தானே. படம் பிடிக்கிற நேரம் பார்த்து அந்தப் பச்சைக் கைப்பையோடு என் முன்னால் வந்து நின்றாள். பெற்றவள் நான். படத்தில் விழுந்தது என் முழங்கை மட்டும். கேட்டதற்கு, "முழங்கை நல்லா விழுந்திருக்கேக்கா" என்றாள். அன்றைக்கு நின்ற பேச்சு.

வரட்டும்.

ஜூன் 8
வந்தாள். அதே கைப்பை. செருப்புத் தட்டைப் பார்த்துவிட்டுப் பேத்தியிடம், "இந்த வீட்டுல எப்பவும் இப்படித்தாம்மா பரிமாறுவாங்க" என்றாள்.

திரையை இழுத்து, விளக்கை அணைத்து, ஃப்ரிட்ஜ் கதவை மட்டும் திறந்து வைத்தாள் பேத்தி. "இருட்டுல கேமரா ரொம்ப நேரம் திறந்தே இருக்கும். அசையாம நில்லுங்க. அசைஞ்சா புகை மாதிரிதான் விழுவீங்க."

எனக்கு அதெல்லாம் காதில் ஏறுமா? மெல்ல நகர்ந்து நகர்ந்து கைப்பைக்காரி முன்னால் போய் நின்றேன். அவள் மரம் மாதிரி நின்றாள். தீர்ந்தது கணக்கு என்று இருந்தேன்.

பேத்தி படத்தைக் காட்டினாள். ஓரகத்தி மூக்குத்தி வரைக்கும் பளிச்சென்று இருக்கிறாள். அவளுக்கு முன்னால் வெறும் வெள்ளைப் புகை. புகையின் வயிற்றுக்குள்ளே அவள் கைப்பை தெரிகிறது.

"இதுதான் பாட்டி படம்" என்று பேத்தி குதிக்கிறாள்.

எனக்குன்னு வந்து வாய்க்குது பாரு. இந்தத் தடவை முழங்கைகூட விழலையே.

ஜூன் 9
கூடத்து மண்ணைப் பெருக்கி அள்ளினேன். யாரையும் கேட்கவில்லை.

ஜூன் 20
கண்காட்சிக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். போனேன்.

கைப்பைக்காரி படத்துக்குப் பக்கத்திலேயே நின்று, கேட்காதவர்களிடமும் "இது நான்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு கோட்டுக்காரர் கையைத் தேய்த்துக்கொண்டார், புல்லரித்துவிட்டதாம். "சரிங்கம்மா, முன்னால நிக்கற பேய் யாரு?" என்றார். அடுத்து வந்த பெண்ணும் அதையேதான் கேட்டாள். அதற்கடுத்தவளும்.

ஓரகத்தி வாய் ஒரு பக்கம் கோணியது. பிறகு சொன்னாள்: "எங்கக்கா. ஒரு எடத்துல நிக்க மாட்டாங்க."

இத்தனை வருஷம் கழித்து அக்காவாம். காதில் விழாத மாதிரி தண்ணீர் குடித்தேன்.

ஜூன் 23
போன் செய்தாள். "அடுத்த படத்துல நான் புகையா நிக்கறேங்க்கா."

"அதுக்கெல்லாம் பழக்கம் வேணும்டி. வெள்ளிக்கிழமை வா. கைப்பையை வீட்டுலயே வச்சிட்டு வா."

ஜூன் 26, வெள்ளி
வந்தாள். கைப்பையோடுதான்.

செருப்பு வைத்த தட்டில்தான் சாப்பாடு போட்டேன். கழுவிவிட்டுத்தான்.