பத்து நிமிட வேலை

மார்ச் 4

மருந்துக் கடையில் கூட்டம். வீடு திரும்ப ஒன்றரை ஆகிவிட்டது. சாப்பாடு தாமதம் என்று இவர் லேப்டாப்பைக் கட்டிலிலிருந்து கீழே தள்ளிவிட்டார்.

தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு வருஷமாக அதுதான் இவருக்கு வாய். நடுங்கும் விரலால் பேனா பிடிக்க முடியாது, போனும் சரிப்படாது. கீபோர்டில் டைப் செய்தால் அது படித்துச் சொல்லும். பெண் குரல். பேங்க்கில் போன் எடுக்கிறவள் மாதிரி அத்தனை மரியாதை. அந்தக் குரலில்தான் தினமும் எனக்கு ‘மூதேவி’ பட்டம்.

ஸ்கிரீன் தப்பியது. சத்தம் மட்டும் போய்விட்டது. வெளி ஸ்பீக்கர் மாட்டும் ஓட்டை எப்போதோ பழுது.

மார்ச் 5

கடைக்காரர் திறந்துகூடப் பார்க்கவில்லை. “இவ்ளோ பழசுக்குப் பார்ட்ஸ் வராதும்மா. இந்தப் பேசற புரோகிராம் புதுசுலயும் ஏறாது.”

மகள் போனில் அழுதாள். “நீ ஃபேக்டரியில இதே வேலைதானேம்மா பார்த்தே? நீயே பாரேன்.”

மார்ச் 6

பதினொரு ஸ்க்ரூ கழற்றினேன். ஸ்பீக்கர் ஒயரைச் செருகும் குட்டி சாக்கெட் போர்டிலிருந்து பெயர்ந்து இரண்டாகக் கிடந்தது. அது இல்லாமலே முடியும் — நாலு ஒயரையும் நேராகப் போர்டில் வைத்து ஈயம் ஒட்டினால் போதும். கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் ரேடியோ கம்பெனியில் செய்தது இதைத்தான். பத்து நிமிட வேலை. ஈயம் ஒட்டும் பழைய சால்டரிங் அயர்னைச் சூடு பண்ணினேன்.

பக்கத்து அறையில் இவர் ஸ்பூனால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். அதைத் தவிர வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. எவ்வளவு நாளாயிற்று இப்படி!

அயர்னை அணைத்தேன். எல்லாவற்றையும் மூடி இவர் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து, “சாக்கெட் வெளியூர்லேருந்து வரணும், மூணு வாரம் ஆகுமாம்” என்றேன். மகளிடமும் அதையேதான் சொன்னேன்.

மார்ச் 9

ஸ்கிரீனில் எழுதிக் காட்டுகிறார். நான் பார்த்தால்தானே?

மார்ச் 12

நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 15

ஒரு பக்கம் முழுக்க டைப் செய்து வைத்திருந்தார். கண்ணாடியைக் காணோம் என்றேன். கண்ணாடி என் மூக்கில்தான் இருந்தது. இவர் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. என்ன மனுஷி நான்? ஆனால் வந்தது.

மார்ச் 19

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாலு மணிக்குத் தட்டினார். எதற்கெடுத்தாலும் தட்டுகிறவர்தானே என்று துணி மடித்துக்கொண்டிருந்தேன். வேகமாகத் தட்டினார். தட்டட்டும் என்று தலையணை உறைகளையும் மடித்தேன். சத்தம் நின்றதும் அப்பாடா என்றிருந்தது. ஐயோ, அப்பாடான்னு இருந்துச்சே எனக்கு.

டீயோடு போனேன். வியர்த்துச் சரிந்து கிடந்தார். ஸ்கிரீன் முழுக்க ‘நெஞ்சு வலி நெஞ்சு வலி நெஞ்சு வலி’.

“அரை மணி முன்னாடி வந்திருந்தா இவ்ளோ சேதம் ஆகியிருக்காது” என்றார் டாக்டர். தகவல் கேட்டு ஓடி வந்த மகள் என்னைக் கட்டிக்கொண்டாள். “நீ என்னம்மா பண்ணுவே? அப்பாவால கூப்பிட முடியலையே.”

 

மார்ச் 22

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். நாலு ஒயர். ஈயம் இரண்டு தடவை வழிந்தது. அப்படியும் பத்து நிமிடம் ஆகவில்லை.

மார்ச் 27

இவரை வீட்டுக்கு அழைத்து வந்தோம். மகள் கிளம்பும்வரை காத்திருந்து ஒற்றை விரலால் டைப் செய்தார்.

“பார்ட்ஸ் வந்துடுச்சா?”

“ம்.”

“என்னிக்கு?”

“நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்போ.”

அடுத்ததற்கு வெகுநேரம் பிடித்தது. “நீயும் அங்கதானடி இருந்தே. வீட்ல யாரு வாங்கி வச்சா?”

நான் இவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

“ஹா ஹா ஹா” என்று படித்தது குரல். அதற்குச் சிரிக்கத் தெரியாது.

ஏப்ரல் 6

மகள் கூப்பிட்டாள். போனைக் கட்டிலில் இவர் பக்கத்தில் வைத்தேன்.

“உங்கம்மாகிட்ட ஒரு விஷயம் கேளு” என்றது குரல்.

“என்னப்பா?”

இவர் விரலைக் கீபோர்டில் வைத்தபடி என்னையே பார்த்தார். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இவர் காலைத் தூக்கி மடியில் வைத்து அமுக்க ஆரம்பித்தேன்.

“ஒண்ணுமில்லம்மா. அவ சாப்பிட்டாளான்னு கேளு.”

“அம்மா, அப்பா எவ்ளோ மாறிட்டார் பாரேன்!”

“ஆமாடி” என்றேன்.

இவர் மற்றக் காலையும் நீட்டினார்.