துனிஸ் விமானமும் மதிய மாத்திரையும்

ரமலான் 6, அம்மான்
துனிஸில் மகள் ரவானுக்கு ஆண் குழந்தை. பதினாறாம் நோன்பன்று நானும் மனைவி ஹியாமும் விமானம் ஏறுகிறோம். பேரனைப் பார்க்கும்வரை எனக்கு வேறு நினைப்பில்லை.

ஆனால் ஹியாம் எதையோ மறைக்கிறாள். பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசினாள். ஒட்டுக்கேட்டேன். "ஆமா, வலிப்பு உள்ளவர்தான். நான் பேசினது அவருக்குத் தெரிய வேண்டாம், கோபப்படுவாரு."

யாரிடம்? விமானக் கம்பெனியிடமா? என்னை ஏற்றாதே என்கிறாளா?

ரமலான் 9
என் ஜன்னல் இருக்கையை மாற்றிவிட்டாள். "நடைபாதை ஓரம்னா காலை நீட்டிக்கலாம், அபூ ரவான்." 'ரவானின் அப்பா' என்ற கொஞ்சல் வேறு. இத்தனை வருடம் என் காலைப் பற்றி யாருக்கு அக்கறை இருந்தது?

ரமலான் 11
அவள் கைப்பையைத் துழாவினேன். என் வலிப்புக்கு மருந்து தரும் டாக்டர் நத்மியின் கடிதம், ஒட்டிய உறையில், என் பெயரோடு. பிரிக்கத் துணிச்சல் வரவில்லை. பயணத்துக்குத் தகுதியில்லை என்று எழுதி வாங்கியிருப்பாள். அவள் தம்பி ஸுஹைரும் உடந்தை. "மச்சான், உடம்பைப் பாத்துக்குங்க" என்று ஒரு சிரிப்பு வேறு.

ரமலான் 12
எழுதவே கூசுகிறது. நோன்பு வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி எட்டு வருடம். ஆனால் நான் வேலை பார்க்கும் பத்திரப் பதிவு அலுவலகத்தில் அத்தனை பேரும் நோன்பு. நான் மட்டும் எப்படித் தண்ணீர் குடிப்பது? ஹியாம் சட்டைப் பையில் வைத்தனுப்பும் மதிய மாத்திரை மேசை டிராயருக்குள் போகிறது. இதுவரை ஒன்றும் ஆகவில்லையே — இதையும் மோப்பம் பிடித்துவிட்டாளோ?

ரமலான் 15
என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போகப் பார்க்கிறாள். நாளைக்குத் தெரிந்துவிடும்.

ரமலான் 17, துனிஸ்
நேற்று ஏறவிட்டார்கள். பிரயாணிக்கு நோன்பில் சலுகை உண்டு. இருந்தும் எங்கள் வரிசையில் ஒருவரும் தண்ணீரைத் தொடவில்லை. மாத்திரையை நீட்டிய ஹியாமிடம் "அப்புறம்" என்றேன்.

பிறகு நினைவில்லை. விழித்தபோது நடைபாதையில் ஒருக்களித்துக் கிடந்தேன். தலைக்கடியில் ஹியாமின் மேலங்கி. பணிப்பெண் கையில் அந்தக் கடிதம்.

"விமானத்தைத் திருப்பிட்டாங்களா?"

"எதுக்கு?" என்றாள் ஹியாம். "வலிப்பு ரெண்டு நிமிஷத்துல அடங்கிடும், பயப்படாதீங்கன்னு டாக்டர் எழுதியிருக்காரு. நானும் முன்னாடியே போன்ல சொல்லி வச்சேன்."

அழுதுவிட்டேன். டிராயரில் கிடக்கும் மாத்திரைகளைப் பற்றி அங்கேயே சொன்னேன்.

"என்ன மனுஷன் நீங்க!" என்றாள்.

ரமலான் 19
பேரனை என் கையில் தர எல்லோரும் தயங்கினார்கள். ஹியாம் என்னைத் தரை விரிப்பில் உட்கார வைத்தாள்.

"மதிய மாத்திரை?"

"போட்டேன்."

குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, எனக்கு டீ போட அடுப்படிக்குப் போய்விட்டாள். மாத்திரை டப்பாவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.