ஜெபித்துவிட்டுச் சொல்கிறோம்

சரவணம்பட்டி,
ஞாயிறு மாலை

அன்பு மகள் ஜெமிமாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகம், இங்கிலாந்தில் அந்த லீட்ஸ் குளிரில் நீயும் சுகமாயிருக்க அவரையே நம்பியிருக்கிறோம். தினமும் வீடியோ காலில் பார்த்துக்கொண்டு இதென்ன கடிதம் என்று கேட்பாய், பேச ஆரம்பித்தால் நான் பாதியில் அழுவேன், அப்பா போனைப் பிடுங்கித் தன் கால்வலியைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார், அதனால்தான். இங்கே மழை பரவாயில்லை, முருங்கை முறிந்து மதில்மேல் விழுந்துவிட்டது, சபைப் பாடகர் குழுவுக்கு என்னைத் தலைவியாக்கிவிட்டார்கள், ஒருத்தரும் நேரத்துக்கு வருவதில்லை.

விஷயம் இதுதான் கண்ணு. அந்தியூரிலிருந்து உனக்கு ஒரு வரன் வந்தது. பையன் பெயர் ஆதர்ஷ், கால்நடை மருத்துவர். அவன் அப்பா மாரப்பன் வாலிபத்தில் ஆண்டவரை ஏற்றுக்கொண்டவர், வீட்டில் வைத்த பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. மாட்டு டாக்டருக்கா என் பெண் என்று, அவர்கள் நம் வீட்டுக்கு வந்து காபி குடித்து முடிப்பதற்குள் நான் முடிவுகட்டிவிட்டேன். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் வருமா, ஜெபம் பண்ணிப்போட்டுச் சொல்றோமுங்க என்றேன். நம் சபையில் யாரிடம் அப்படிச் சொன்னாலும் புரிந்துகொண்டு அடுத்த வீட்டைப் பார்க்கப் போய்விடுவார்கள், உனக்கே தெரியும்.

மாரப்பனுக்குத் தெரியவில்லை. அந்த வாரமே போன் செய்து, ஏனுங்க அம்மணி, நீங்க ஜெபிக்கிறீங்கன்னு எங்க ஊட்லயும் எல்லாரும் காலைச் சோத்தை உட்டுப்போட்டு ஜெபிக்கிறோமுங்க, ஆண்டவரு வேண்டாம்னு சொல்லிப்போட்டா கூச்சப்படாமச் சொல்லிப்போடுங்க, எங்களுக்கு அதுவும் சந்தோசந்தானுங்க என்றார். ஒரு குடும்பமே பட்டினி கிடந்து காத்திருக்கிறது, நான் ஆண்டவரிடம் வாயே திறக்கவில்லை, அவர் சொன்னதாக வேண்டாம் என்று சொல்லத் தயாராயிருக்கிறேன்.

அப்பாவின் கையிலிருந்த டிவி ரிமோட்டை வாங்கி வைத்துவிட்டு இருவரும் முழங்கால்படியிட்டோம். அப்பா ஜெபித்தால் உலகத்தையே சுற்றி வருவார், அன்றைக்கு, ஆண்டவரே நீரே சொல்லும் என்பதோடு நின்றுவிட்டார். அப்புறம் கண்ணை மூடிக் காத்திருந்தோம். எனக்குப் பயம் வந்தது ஜெமி. இதுவரை நானே முடிவெடுத்துவிட்டு ஆசீர்வாதம் மட்டும் கேட்டு வந்தவள், பதிலுக்காகக் காத்திருந்ததே இல்லை. வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர் நம் வீட்டு ஹாலில், அந்தக் கிழிந்த சோபா பக்கத்தில் இருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. பையனைப் பற்றி ஆம் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. உன் முகம்தான் வந்தது, கூடவே, அவளைக் கேட்டாயா என்று ஒரு கேள்வி. என் மனசு அப்படியெல்லாம் கேட்கிற மனசு இல்லை, எனக்குத் தெரியும். கண்ணைத் திறந்தால் அப்பா, ஏம்மா, புள்ளைகிட்ட நாம ஒரு வார்த்தை கேக்கவே இல்லியே என்கிறார். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, இதை எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

அதனால் இப்போது கேட்கிறேன். ஆதர்ஷின் போட்டோவையும் நம்பரையும் அப்பா அனுப்புவார். பேசிப் பார், உனக்கு என்ன தோன்றுகிறது என்று பார், ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் உட்கார்ந்து ஆண்டவரைக் கேள், என்னைப்போல் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்காதே. எனக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று யோசிக்காதே. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, கஞ்சியாவது வைத்துக் குடி, சும்மா ரொட்டியைத் தின்று காலத்தை ஓட்டாதே.

ஆஸ்பத்திரி நைட் டியூட்டியில் நீ பிறரைப் பார்த்துக்கொள்ளும்போது அவர் உன்னைப் பார்த்துக்கொள்வாராக, நீ எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடிக்கும் அவரே முன்னே நடப்பாராக.

உன் அன்பு அம்மா,
ஹெப்சிபா

பின்குறிப்பு: மாரப்பனிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டார். இனிமேல் காலையில் சாப்பிடுங்கள் என்றேன், புள்ள இனிமேத்தானுங்களே ஜெபிக்கப் போவுது, அது சொல்லட்டுங்க என்கிறார். இன்னும் காலையில் சாப்பிடுவதில்லை. வேண்டாம் என்றாலும் சொல்லிவிடு கண்ணு, ஆனால் ஜெபித்துவிட்டுச் சொல்.